‘கெட்டுப்போன கள்ளு மாதிரி’ன்னு சொல்றதுக்கு முன்னாடி

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்கானது.)

போன வாரம் முழுக்க ஒரே கேள்விதான் வந்தது: “ப்ரோ, வீக்கெண்டு பாண்டி போறோம், எந்த பீர் குடிக்கலாம்?” பதில் கடைசியில இருக்கு, ஓடிடாதீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கு.

இந்த பாட்காஸ்ட் ஆரம்பிச்ச புதுசுல, பெங்களூர்ல ஒரு மைக்ரோப்ரூவரியில புளிப்பு பீர் ஒண்ணை ரிவ்யூ பண்ணினேன். பேர் வேண்டாம். கலங்கலா இருந்தது, நல்லா புளிச்சது, மூக்குல லேசா கந்தக வாசம் வந்தது. 50-க்கு 19 மார்க் போட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். “கெட்டுப்போன கள்ளு மாதிரி இருக்கு”ன்னு ஒரு வரி சேர்த்தேன். ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது.

அந்த எபிசோடை திருக்கனூர்ல எங்க மாமா கேட்டிருக்கார். அம்மாவோட அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல பனையும் தென்னையும் ஏறினவர். மாமா பொண்ணு போன்ல போட்டுக் காட்டியிருக்கா. ரெண்டு நாள் கழிச்சு மாமாகிட்டேர்ந்து போன்.

“மாப்ள, நல்லாத்தான்டா பேசுற. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கெட்டுப்போன கள்ளு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. நல்ல கள்ளு எப்படி இருக்கும்னே தெரியாது. கள்ளு இறக்குற குடும்பத்துல வளர்ந்தும் ஒரு வாய் குடிச்சதில்ல. ஸ்கூல்ல “உங்க மாமா என்ன பண்றார்”னு கேட்டா “விவசாயம்”னு சொல்லிப் பழகினவன். அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியாம, “சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா”ன்னேன். “சரி, வா. குடிச்சிட்டுப் பேசு”ன்னு வச்சிட்டார்.

ஊரைப் பத்தி ரெண்டு வரி. பாண்டின்னா உங்களுக்குக் கடற்கரை, மஞ்சள் சுவர், காபி கடை. எங்க ஊர் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், மேற்கே, மண்ணாடிப்பட்டு கொம்யூன். நெல்லு, கரும்பு, நடுவுல பனை. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கு 2011-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் அதே வருஷம்தான். அப்புறம் எல்லை. புதுச்சேரி மண்ணு விழுப்புரம் மாவட்டத்துக்குள்ள துண்டு துண்டா கலந்து கிடக்கும். இந்த வயல் புதுச்சேரி, வரப்பு தாண்டினா தமிழ்நாடு.

அந்த வரப்புதான் கதை. தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1-லேர்ந்து கள்ளு இறக்கக் கூடாது, விற்கக் கூடாது. 2003-லேர்ந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில பீரும் பிராந்தியும் சில்லறையா விக்குது. புதுச்சேரியில கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் அரசு ஏலம் விட்டு உரிமம் கொடுக்குது. ஆக, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற பனையில கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், சட்டப்படி சரி. தடவாம விட்டா குற்றம். இந்தப் பக்கம் அதே மாதிரி மரத்துல உரிமத்தோட இறக்கினா வியாபாரம். மரத்துக்கு இதெல்லாம் தெரியாது.

இப்ப நான் எப்படி மார்க் போடுறேன்னு சொல்லணும், இல்லன்னா மாமா என்ன பண்ணினார்னு புரியாது.

பீர் நடுவர்களுக்குன்னு அமெரிக்காவுல 1985-ல ஆரம்பிச்ச ஒரு சான்றிதழ் அமைப்பு இருக்கு, பிஜேசிபி. அவங்க தாள்லதான் நானும் மார்க் போடுறேன். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில எப்படி உட்காருதுங்கிறதுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கவனிங்க, தோற்றத்துக்கு வெறும் 3. இன்ஸ்டாகிராம்ல நாம அதுக்குத்தான் 50 போடுறோம்.

கிளாஸை முழுக்க ஊத்தக் கூடாது. ரெண்டு விரல் நுரை நிக்கணும். உள்ளங்கையால மூடி, ஒரு சுத்து சுத்தி, கையை எடுத்ததும் குட்டி குட்டியா மோப்பம். வைன் சுவைக்கிறவங்க மாதிரி துப்ப மாட்டோம், முழுங்குவோம். கசப்பு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அதுக்கப்புறம்தான் தெரியும். அப்புறம், ஐஸ் மாதிரி சில்லுன்னு குடிச்சா நல்ல பீருக்கும் மட்டமான பீருக்கும் வித்தியாசம் பாதி தெரியாது. “சில்லுன்னு இருந்தா போதும்”னு விக்கிற பீர் எதை மறைக்குதுன்னு கொஞ்சம் சூடேறினா நாக்கு சொல்லிடும்.

தப்பு வாசனைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. டையசிட்டைல்னா வெண்ணெய், பாப்கார்ன் வாசம். அசிட்டால்டிஹைடுன்னா பச்சை ஆப்பிள். டிஎம்எஸ்னா வேகவச்ச மக்காச்சோளம். வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் கெட்டா ஸ்கங்க் வாசம். பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் எல்லாம் வெயில்ல நின்னா இதுதான் நடக்கும், பழுப்பு பாட்டில் ஓரளவு தாங்கும். பிரெட்டானோமைசஸ்னு ஒரு ஈஸ்ட், 1904-ல கார்ல்ஸ்பெர்க் ஆலையில வேலை பார்த்த கிளாசன் அதை அடையாளம் காட்டினார். அதோட வாசனைக்கு உலகம் பூரா சொல்ற வார்த்தை “குதிரைப் போர்வை”.

நான் குதிரைப் போர்வையை மோந்து பார்த்ததே இல்ல. ஸ்கங்க் எங்க ஊர்ல கிடையாது. பச்சை ஆப்பிளை முதல்ல கடிச்சது காலேஜ்ல. ஆனா ரிவ்யூல இதையெல்லாம் சரளமா எழுதிட்டு இருந்தேன். ‘ஸ்டோன் ஃப்ரூட்’னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தெரியுமா? அதுல பாதிப் பழத்தை நான் சாப்பிட்டதில்ல.

பங்குனி மாசம் ஊருக்குப் போனேன். வெறுங்கையோட போகல. ஒரு ஜெர்மன் கோதுமை பீர் பாட்டிலை எடுத்துட்டுப் போனேன், ஹெஃபவைசன். மாமாவை சோதிக்கலாம்னு ஒரு எண்ணம், ஒத்துக்கறேன்.

திண்ணையில உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சார். “கிராம்பு போட்டிருக்கானா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த பீர்ல கிராம்பு கிடையாது. அந்த வகை ஈஸ்ட் தானாவே 4-வினைல் குவையக்கால்னு ஒரு பொருளை உண்டாக்கும், அதுதான் கிராம்பு வாசம். கூடவே ஐசோஅமைல் அசிடேட், அது வாழைப்பழ வாசம். அதையும் சொன்னார்: “மேல பூவம்பழம் மாதிரி ஒண்ணு அடிக்குது பாரு.” அடியில தங்கின ஈஸ்ட் வண்டலைப் பார்த்து, “இதை ஏன்டா ஊத்தாம வச்சிருக்க, இதுலதான உசுரு இருக்கு”ன்னார். ஹெஃபவைசன்ல வண்டலையும் கலக்கி ஊத்தணும். நான் மறந்துட்டேன்.

அப்புறம் கேட்டார், “எப்ப எறக்குனது?”

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். “எட்டு மாசம் ஆச்சு மாமா.”

“எட்டு மாசமா? அப்ப இது பொணம்டா. நல்ல பொணம்.”

சிரிச்சிட்டோம். ஆனா அன்னைக்குத்தான் ஒண்ணு உறைச்சுது. இத்தனை எபிசோடுல ஒரு தடவைகூட நான் தயாரிப்பு தேதியைப் படிச்சதில்ல. ஐபிஏ மாதிரி ஹாப்ஸ் வாசனையை நம்பி நிக்கிற பீர்ல, வாரம் போகப்போக அந்த வாசனை மங்கிட்டே வரும். ஆறு மாசப் பழைய ஐபிஏவைக் குடிச்சிட்டு ப்ரூவரியைத் திட்டுறது, மூணு நாள் ஆன இட்லியைச் சாப்பிட்டுட்டு மாவு அரைச்சவங்களைத் திட்டுற மாதிரி.

மறுநாள் காலையில தோப்பு. மாமா இப்ப ஏறுறதில்ல, இடுப்பு விடாது. அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்ட அண்ணன் ஒருத்தர் ஏறினார். பாளையைச் சீவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் கட்டின கலயத்தை இறக்கிட்டு வந்தார். உள்ள தேனீ மிதந்துட்டு இருந்தது. பன்னாடையில வடிகட்டினார். பன்னாடைன்னா திட்டு இல்லங்க, மரத்துல மட்டையைச் சுத்தி வலை மாதிரி இருக்குமே, அந்த நார். நல்லதை விட்டுட்டு கசடைப் பிடிச்சு வச்சுக்கும். நன்னூல்ல கடைசி ரக மாணவனுக்கு உவமையா சொல்ற ‘நெய்யரி’யும் இந்த வகைதான். ரிவ்யூ எழுதுறவனுக்கும் பொருந்தும்னு அந்த நேரத்துல தோணிச்சு, மாமாகிட்ட சொல்லல.

மூணு டம்ளர் வச்சார். இப்ப இறக்கினது ஒண்ணு. முந்தின நாள் காலையில இறக்கினது ஒண்ணு. மூணாவதை துண்டு போட்டு மூடி ஓரமா வச்சார், அதுக்கு அப்புறம் வரலாம்னுட்டார். பெங்களூர்ல இதுக்கு ‘ஃப்ளைட்’னு பேர், மரப்பலகையில வரும், பில்லு தனியா வரும்.

நான் தாளை எடுத்தேன். மாமா முதல் டம்ளரை என் காதுகிட்ட கொண்டுவந்தார். “மொதல்ல கேளு.” உஸ்ஸ்ன்னு பொடிப்பொடியா நுரை வெடிக்கிற சத்தம். சத்தம் எப்படி இருக்குங்கிறதை வச்சு எவ்வளவு நேரத்துக் கள்ளுன்னு அவர் சொல்லிடுவார். என் தாள்ல சத்தத்துக்கு மார்க் இல்ல.

முதல் டம்ளர்: வடிச்ச கஞ்சி நிறம், நுங்கு வாசம், பின்னாடி லேசா முட்டை மாதிரி கந்தகம், இனிப்பு, ஓரத்துல புளிப்பு. ரெண்டாவது: இனிப்பு போயிடுச்சு, நாக்கைச் சுண்டுது, பழைய சோத்துத் தண்ணியும் நார்த்தங்காய்த் தோலும் சேர்ந்த மாதிரி. சத்தியமா சொல்றேன், அந்த ரெண்டாவது டம்ளருக்கும் நான் 19 போட்ட பீருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அது எனக்குப் பிடிச்சிருந்தது.

இதுல கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கு, பொறுத்துக்கோங்க. பதநீர்ல ஏறத்தாழ 10-லேர்ந்து 12 சதவீதம் சர்க்கரை. சுண்ணாம்பு இல்லன்னா, கலயத்துல ஒட்டியிருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் உடனே வேலையை ஆரம்பிக்கும். ஒரு நாளுக்குள்ள சுமாரா பீர் அளவுக்கு ஆல்கஹால். லாக்டிக் அமிலம் வரும், அப்புறம் அசிட்டிக் அமிலம் ஏறி, விட்டா காடி ஆயிடும். யாரும் ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் போடல. பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக்னு ஒரு பீர் இதே முறைதான். கொதிக்க வச்ச மால்ட் தண்ணியை ராத்திரி திறந்த தொட்டியில ஆறவிட்டு, காத்துலயும் மரப்பீப்பாய்லயும் இருக்கிற நுண்ணுயிரை நம்பி விட்டுடுவாங்க. அங்க ஒண்ணு ரெண்டு மூணு வருஷம் எடுக்கிற வேலை, நம்ம வெயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரி. அதை பாட்டிலுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல குடிக்கிறாங்க. நானும் குடிச்சிருக்கேன். அன்னைக்கு கந்தக வாசம் ‘நாட்டுத்தன்மை’ன்னு எழுதினேன்.

ஒரு இடத்துல பீர் உலகம் வேற பாதையில போனது. 1883-ல கார்ல்ஸ்பெர்க்ல எமில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லுலேர்ந்து சுத்தமான ஈஸ்டை வளர்த்தார். அதுக்கப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி. அது பெரிய சாதனை, சந்தேகமில்ல. ஆனா ‘ஒரே மாதிரி இருக்கிறதுதான் தரம்’னு நாம நம்ப ஆரம்பிச்சதும் அங்கிருந்துதான். மாமாவுக்கு ஒத்தமரத்துக் கள்ளுன்னா தனி மரியாதை. பல மரத்துக் கள்ளைக் கலக்காம ஒரே மரத்துலேர்ந்து வந்தது. இந்த மரம் இனிப்பு தூக்கல், அந்த ஏரிக்கரை மரம் கொஞ்சம் உப்புக்கரிக்கும்னு ஒவ்வொண்ணையும் பேர் சொல்லாத குறையா சொல்றார். சிங்கிள் ஆரிஜின் காபிக்கு நாம குடுக்கிற விலை ஞாபகம் வந்தது.

மூணாவது டம்ளரைத் திறந்தார். “இப்பப் பாரு. இதான் கெட்டுப்போன கள்ளு.” சாய்ச்சு ஊத்தினார். தண்ணி மாதிரி விழல, எண்ணெய் மாதிரி நூல் நூலா இறங்கிச்சு. வாசனை அவ்வளவு மோசமில்ல, ஆனா தொண்டையில வழுக்கிச்சு. கலயத்தைச் சரியா கழுவி, காயவச்சு, புகை காட்டாம விட்டா இப்படி ஆகும்னார். “புளிச்சா அது கெட்டது இல்ல. நூல் விட்டாதான் கெட்டது.”

இதுக்குப் பாடப்புத்தகத்துல பேர் இருக்கு. லியூகோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா சர்க்கரையை டெக்ஸ்ட்ரான்னு ஒரு பசையா மாத்திடும். வெட்டின கரும்பு ஆலைக்குப் போகாம காஞ்சு கிடந்தாலும் இதே பிரச்னைதான், கரும்பு போடுறவங்களுக்குத் தெரியும். பீர்லயும் நூல் விடும், அங்க பெடியோகாக்கஸ். லாம்பிக்காரங்க அதை ‘நோய்’னு சொல்லிட்டு, அது தானா தெளியுற வரைக்கும் மாசக்கணக்குல காத்திருப்பாங்க. நான் 19 போட்ட பீர் நூல் விடல. ஆக, மாமா கணக்குப்படி அது கெட்டதே இல்ல. எனக்குப் புளிப்பு பழக்கமில்ல, அவ்வளவுதான். அந்த மார்க்கை இன்னைக்கு 34-ஆ மாத்துறேன்.

இங்க நிறுத்தினா அழகா இருக்கும். ஆனா வீட்டுக்குப் போனா அம்மா இருக்காங்க.

எங்க அப்பா சாராயத்துல போனார். எனக்கு அப்ப பதினோரு வயசு. கல்லீரல். அம்மாவுக்கு கள்ளு, சாராயம், பீர், நான் எடுத்துட்டுப் போன ஜெர்மன் பாட்டில் எல்லாம் ஒண்ணுதான். திண்ணையில நானும் மாமாவும் தாளை வச்சுக்கிட்டுப் பேசுறதைக் கேட்டுட்டே இருந்தாங்க. உள்ளேர்ந்து ஒரு கேள்வி வந்தது: “எல்லாத்துக்கும் மார்க் போடுறியே, உங்க அப்பா குடிச்சதுக்கு எத்தினி மார்க்குடா?”

மாமா எழுந்து போயிட்டார். நான் தாளை மடிச்சு வச்சேன். என்கிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல. ருசி தெரிஞ்சவன் அளவோட குடிப்பான்னு நாம அடிக்கடி சொல்லிக்கறோம். எங்க அப்பாவுக்கு ருசி நல்லாத் தெரியும்னு மாமாவே சொல்லியிருக்கார்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். சங்க இலக்கியத்துல பெரும்பாணாற்றுப்படையில ஒரு செய்முறை வருது. அரிசியைக் களியாத் துழாவி, அகலமான பாத்திரத்துல ஆறவச்சு, முளை அடையைக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில விட்டு, விரலால அலசி வடிக்கிறது. முளைவிட்ட தானியம்னா மால்ட். அதாவது பீர். சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினத்து நெய்தல் பெண்கள் வடிச்ச பழைய தேறலை விருந்தாளிக்குக் கொடுப்பாங்க. எயிற்பட்டினம்னா இன்னைக்கு மரக்காணம்னு அறிஞர்கள் சொல்றாங்க, பாண்டிக்கு வடக்கே ஈசிஆர்ல. 2023 மே மாசம் அதே மரக்காணம் எக்கியார்குப்பத்துல மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு மீனவர்கள் செத்துப்போனாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம், அறுபது பேருக்கு மேல. மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. எவ்வளவு தேர்ந்த நாக்கா இருந்தாலும் சரி, ருசியும் வாசமும் எத்தனாலுக்குப் பக்கத்துலயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேணும், மரத்துலேர்ந்தோ ஆலையிலேர்ந்தோ யார் கை வழியா வந்ததுன்னு தெரியணும். எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாததைக் குடிக்காதீங்க, மோந்து பார்த்தா தெரிஞ்சிடும்னு என்னை மாதிரி ஆளு சொன்னா நம்பாதீங்க.

சரி, பாண்டி கேள்வி. கேட்டமரான் ப்ரூயிங் கம்பெனின்னு மைக்ரோப்ரூவரி இருக்கு, அங்க போறவங்க முழு கிளாஸ் வாங்காம சாம்பிளர் வாங்குங்க. லைட்டானதுல ஆரம்பிச்சு கசப்பும் கருப்பும் கடைசியில. கோதுமை பீர் இருந்தா கிராம்பு தெரியுதான்னு பாருங்க. பெல்ஜியன் விட் இருந்தா அதுல போடுறது நம்ம தனியாவும் ஆரஞ்சுத் தோலும்தான், ரசம் வைக்கிற வீட்டுல வளர்ந்தவங்க சுலபமா பிடிச்சிடலாம். டிஎம்எஸ் வாசனையைத் தேடுறப்ப மக்காச்சோளத்தை மறந்துட்டு, நெல்லு அவிக்கிற அண்டாவைத் திறந்தா வருமே, அதை நினைங்க. எனக்கு அப்படித்தான் பிடிபட்டுது. வெண்ணெய் இருந்தா ‘வெண்ணெய்’னு எழுதுங்க. குதிரைப் போர்வையை குதிரை வச்சிருக்கிறவங்களுக்கு விட்டுடலாம். கிளாஸ் வந்ததும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, “இது எப்ப எறக்குனது?” கேளுங்க, நல்ல ப்ரூவர்னா சந்தோஷமா பதில் சொல்லுவார். வண்டியை ஓட்டிட்டு வராதீங்க.

அந்தப் பழைய எபிசோடை நான் எடுக்கல. அந்த வரி வர்ற இடத்துல ஒரு சின்ன ஒலித்துண்டு சேர்த்திருக்கேன். தோப்புல பதிவு பண்ணினது, முதல் டம்ளரோட நுரைச் சத்தம், ஏழு செகண்டு. ஹெட்போன் போட்டுக் கேளுங்க. மாமா அதைக் கேட்டுட்டு, “வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்தது, சரியா இருக்கு”ன்னார்.

அடுத்த வாரம் ஸ்டவுட். தேதி பார்த்து வாங்கியிருக்கேன்.